ராஜினாமாவில் எழுதாத காரணம்

— சம்பளத்தை விட்டுத் தள்ளுங்க அண்ணே. அது நீங்க என்ன சொல்றீங்களோ அப்படியே வச்சுக்கலாம். நான் ஓப்பனா கேட்கிறேன், எதுக்கு வேலையை விட்டீங்க?

— அதான் ராஜினாமாவுல எழுதியிருந்தேனே சார். உடம்பு முடியல.

— உடம்பு முடியலையாம்! நல்லா இருக்கு போங்க. தம்பி, நீங்க எங்க வீட்டுக்கு எப்படி வந்தீங்க? லிஃப்ட்லதானே?

— ஆமா அண்ணி. நாலாவது மாடியாச்சே.

— இந்த மனுஷன் படியேறி வர்றாரு. ஒரு கையில காய்கறிப் பை, தோள்ல தண்ணி கேன். முடியாதவரு பண்ற வேலையா இது? கேட்டா உடற்பயிற்சியாம். உங்க கம்பெனியில ஆயுசு பூரா லிஃப்ட் ரிப்பேர் பண்ணின மெக்கானிக்குக்கு இப்ப லிஃப்ட் ஆகாது!

— நீ கொஞ்சம் சும்மா இரும்மா.

— சும்மா இருந்து இருந்துதான் இந்த லட்சணம். பெரியவளுக்குப் படிப்பு முடியல. சின்னவளுக்குப் பல்லுல கம்பி கட்டணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இவரு என்னடான்னா ஜன்னலோரமா நாற்காலியைப் போட்டுட்டு ரோட்டைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்காரு. ரோடு என்ன எங்கயாவது ஓடிடவா போகுது?

— அண்ணே, அந்தப் பெரிய கம்பெனிக்காரன் கூப்பிட்டானா? இருந்தா சொல்லுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். நம்ம வெல்டரையும் அவங்கதான் இழுத்துட்டுப் போனாங்க.

— வெல்டர் அங்க போகல சார்.

— போகலையா? அங்க சம்பளம் ஜாஸ்தின்னு என் முகத்துக்கு நேரா சொல்லிட்டுப் போனானே?

— போறவங்க எல்லாரும் காசுன்னுதான் சொல்லிட்டுப் போவாங்க. சொல்றதுக்கு அது சுலபம் பாருங்க. யாரு மனசும் நோகாது. அவன் இப்ப மச்சான் பட்டறையில இரும்புக் கதவு செய்யறான். உங்ககிட்ட வாங்கினதுல பாதிகூட வராது.

— பின்ன எதுக்குப் போனான்?

— அவன் சம்சாரத்துக்கு வலி எடுத்துடுச்சுன்னு போன் வந்துச்சு. அன்னிக்கு ஒரு ஆர்டரை அனுப்பியாகணும். சர்வீஸ் மேனேஜர், ‘இந்த ஒரு ஜாயிண்டை மட்டும் முடிச்சிட்டுப் போ’ன்னாரு. முடிச்சான். இன்னொண்ணுன்னாரு. அதையும் முடிச்சான். அவன் போய்ச் சேர்றதுக்குள்ள குழந்தை பொறந்து குளிப்பாட்டியாச்சு. குழந்தை நல்லாத்தான் இருக்கு, அதுல குறை ஒண்ணும் இல்ல. ஆனா அவன் அன்னிக்கே போயிட்டான் சார். அப்புறம் கொஞ்ச நாள் உடம்பு மட்டும் வந்துட்டு இருந்துச்சு.

— இது எனக்குத் தெரியாதே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வண்டி குடுத்து அனுப்பியிருப்பேன்.

— நீங்க அனுப்பியிருப்பீங்க. ஆனா விஷயம் உங்க வரைக்கும் வந்து சேரணுமே, அதான் கஷ்டம்.

— சரி, கணக்கு பார்த்துட்டு இருந்த பொண்ணு? அது ஏன் போச்சு?

— அது எனக்குத் தெரியாது. தெரியாததை எதுக்குச் சொல்லணும்?

— என்னால புரிஞ்சுக்கவே முடியல அண்ணே. நான் என்ன குறை வச்சேன்? எல்லார் பிறந்தநாளுக்கும் கேக் வெட்டறோம். வருஷத்துக்கு ஒரு டூர் கூட்டிட்டுப் போறோம். ஆள் ஏன் நிக்க மாட்டேங்குதுன்னு கேட்டு ஒரு நிபுணரைக்கூட வரவழைச்சேன். ஒரு பேப்பர் குடுத்து உங்க எல்லார் மனசுல இருக்கிறதையும் எழுத வச்சாரே. எல்லாரும் திருப்தியா இருக்கிறதாத்தானே எழுதியிருந்தீங்க?

— அந்தப் பேப்பரா? ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் நம்பர் போட்டிருந்துச்சு. பிடிச்ச நம்பரை வட்டம் போடச் சொன்னாங்க. எழுத இடம் இல்ல சார். மேனேஜர் வேற முதுகுக்குப் பின்னால நின்னு, ‘சீக்கிரம், சீக்கிரம், சைட்டுக்குப் போகணும்’னாரு. எல்லாரும் அஞ்சுல வட்டம் போட்டுட்டு வண்டியில ஏறிட்டோம்.

— நீங்க சிரிப்பு வர்ற மாதிரி சொல்றீங்க. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. அப்பா போன பிறகு எனக்கு இந்தத் தொழில்ல ஒரு பிடி இருந்துச்சுன்னா அது நீங்கதான். சரி, ஒண்ணு பண்ணலாம். நீங்க இனிமே ஏணியில ஏற வேணாம், கிரீஸ்ல கை வைக்க வேணாம். சூப்பர்வைசரா ஆபீஸ்ல உட்காருங்க. எந்த சைட்ல என்ன பிரச்சனைன்னு போன்ல கேட்டு வழி சொன்னா போதும்.

— கேட்டீங்களா? ஏசி ரூம்ல உட்கார்ந்து போன் பேசற வேலை! கால்ல விழுந்தாலும் இந்தக் காலத்துல யாரு குடுப்பா?

— போன் பேசற வேலையா? அது என்னால ஆகவே ஆகாது சார். வேற எதுவேணா செய்யறேன், அது மட்டும் வேணாம்.

— போன் பேசறதுல என்னண்ணே கஷ்டம்?

— விடுங்க சார். வந்ததுக்கு சந்தோஷம். உங்ககூட இருந்த வரைக்கும் நீங்க என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்ல. அப்படியே இருக்கட்டும்.

— விடுங்க, விடுங்க. இந்த ஒரு வார்த்தையை வச்சுத்தான் இந்த வீட்டுல ரெண்டு மாசமா வண்டி ஓடுது. தம்பி, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. இன்னிக்கு நீங்க கதவைத் தட்டினப்ப எனக்குத் திறக்கவே மனசு வரல.

— ஏன் அண்ணி?

— இவரு ஏதாவது செய்யக் கூடாததைச் செஞ்சிட்டாரோன்னு. ஆபீஸ் சாமான்ல கைவச்சு மாட்டிக்கிட்டு, மானத்தோட போகட்டும்னு நீங்களே எழுதி வாங்கிட்டு அனுப்பிட்டீங்களோன்னு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கீங்களோன்னு நெனச்சேன்.

— என்னம்மா பேசற நீ?

— வேற என்ன நெனைக்கச் சொல்றீங்க? நல்லா ஓடிட்டிருந்த மனுஷன் திடீர்னு ஒரு நாள் டூல் பையைக் கொண்டாந்து பரண்மேல போட்டுட்டு, இனிமே போகலைங்கறாரு. காரணம் கேட்டா சுவரைப் பார்க்கறாரு. ஊர்ல பாதிப் பேருக்கு நான் என்ன பதில் சொல்லிட்டு இருக்கேன்னு தெரியுமா உங்களுக்கு?

— நீ அப்படி நெனச்சுட்டியா என்னை?

— நெனைக்கக் கூடாதுன்னுதான் நெனச்சேன். ராத்திரியில தானா வருதே நெனப்பு.

— சரி. அப்போ சொல்லிடறேன். ஆனா சார், கேட்டுட்டு விட்டுடணும். யார் மேலயும் பாயக் கூடாது.

— சொல்லுங்கண்ணே.

— ஒரு பில்டிங்ல மாசாந்திர சர்வீஸ். நானும் நெட்டையும் போயிருந்தோம்.

— நெட்டைன்னா, உங்களோட ஜோடியா வேலை பார்க்கறாரே, அந்த ஒசரமானவரா? நம்ம வீட்டு நிலைக்கதவுல தலையை இடிச்சுக்கிட்டாரே?

— அவனேதான். அவன் மொட்டை மாடியில, மோட்டார் ரூம்ல மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு நிக்கிறான். நான் குழியில இறங்கியிருக்கேன்.

— என்ன குழி?

— லிஃப்ட் தரைத்தளத்துல வந்து நிக்குதுல்ல, அதுக்கும் அடியில ஒரு பள்ளம் இருக்கும்மா. ஆள் உயரம்கூட இருக்காது. குப்பை, தண்ணி, எண்ணெய் எல்லாம் அங்கதான் வந்து தேங்கும். அதைச் சுத்தம் பண்ணி, ஸ்பிரிங்கைப் பார்க்கணும். லிஃப்ட் மேல ரெண்டாவது மாடியில நிக்குது. குனிஞ்சு துடைச்சிட்டு இருக்கேன். தலைக்கு மேல கயிறு அசையுது.

— யாரோ கரண்டைப் போட்டுட்டாங்களா?

— லிஃப்ட் இறங்கி வருது சார்.

— ஐயோ.

— ஏணியில ஏறி வெளிய போக நேரம் இல்ல. குழிக்குள்ள ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். அதை அமுக்கினா எந்த லிஃப்டும் அப்படியே நின்னுடணும். அமுக்கினேன். நிக்கல. அந்த பட்டன் செத்துப்போய் ரொம்ப நாளாச்சு, மாத்தணும் மாத்தணும்னு நான் சொல்லிட்டே இருந்தேன். அப்படியே மல்லாந்து படுத்துட்டேன். தண்ணியிலயும் எண்ணெயிலயும். அது வந்து நின்னப்ப என் மூக்குக்கும் அந்த இரும்புக்கும் நடுவுல ஒரு கை நுழையலாம், அவ்வளவுதான் இடம்.

— நான் கேட்க மாட்டேன். எனக்கு வேணாம். நிறுத்துங்க.

— முடிஞ்சிடுச்சும்மா, நான் இங்கதானே இருக்கேன். சத்தம் போட்டேன். மேல ஃபேன் ஓடுது, பாட்டு ஓடுது, யாருக்குக் கேட்கும்? கதவு திறக்கற சத்தம், ஜனங்க ஏறற சத்தம் எல்லாம் எனக்கு நல்லாக் கேட்குது. ஒரு சின்னக் குழந்தை, நான்தான் பட்டனை அமுக்குவேன்னு அழுதுச்சு. அமுக்கிடுச்சு போல. லிஃப்ட் மேல போச்சு. எழுந்திருக்கலாம்னு முழங்கையை ஊனினேன், மறுபடியும் இறங்கி வந்துடுச்சு. ரெண்டு பொம்பளைங்க ஏதோ துணி எடுக்கறதைப் பத்திப் பேசிட்டு ஏறினாங்க. அதுவும் போச்சு. இன்னொரு தடவை வந்துச்சு. அதுவும் போச்சு.

— போன் எங்க அண்ணே வச்சிருந்தீங்க?

— குழியில சிக்னல் கிடைக்காது சார். டூல் பையில மேல வச்சிருந்தேன். வாக்கி டாக்கி வேணும்னு கேட்டிருந்தோம், வரல.

— வாசல்ல போர்டு? ‘வேலை நடக்கிறது’ன்னு போர்டு வைக்கணுமே?

— வச்சேன். யாரோ எடுத்து ஓரமா சுவத்துல சாய்ச்சு வச்சிருந்தாங்க. அப்புறம் பார்த்தேன்.

— எப்படித்தான் வெளிய வந்தீங்க?

— கையில ஸ்பேனர் இருந்துச்சு. லிஃப்ட் ஓடறதுக்குப் பக்கத்துல மேல வரைக்கும் இரும்புத் தண்டவாளம் போயிருக்கும்ல, அதைத் தட்டினேன், தட்டினேன், விடாம தட்டினேன். இரும்பு வழியா சத்தம் ஏறி மொட்டை மாடிக்குப் போயிருக்கு. நெட்டைக்கு விளங்கிடுச்சு. கட் பண்ணிட்டு அத்தனை மாடியும் ஓடி வந்தான். கதவைத் திறந்து என்னைத் தூக்கி விட்டுட்டு, தரையில உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

— அன்னிக்குத்தானே முதுகெல்லாம் கறுப்பா எண்ணெயோட வந்தீங்க? அந்த நீலச் சட்டை? ரெண்டு தடவை துவைச்சும் போகலைன்னு நான் திட்டினேனே. ‘எங்க போய்ப் புரண்டுட்டு வந்தீங்க’ன்னு கேட்டேனே. நீங்க அதுக்கும் சிரிச்சீங்களே.

— வேற என்ன பண்றது?

— சொல்லியிருக்கணும். என்கிட்ட சொல்லியிருக்கணும். அந்தச் சட்டையை நான் கிழிச்சுத் தரை துடைக்கப் போட்டேன்.

— அழாதம்மா. சார் இருக்காரு.

— இருக்கட்டும். தம்பி, நான் இவ்வளவு நேரம் சொன்னதை எல்லாம் மறந்துடுங்க. இவரு எங்கயும் வர மாட்டாரு. கஞ்சி குடிச்சாலும் நாங்க நாலு பேரும் இருந்து குடிப்போம். நீங்க கிளம்புங்க.

— அண்ணி, கோபப்பட உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கு. அண்ணே, நான் ஓப்பனா சொல்றேன், எனக்கு இப்ப உடம்பெல்லாம் கூசுது. இவ்வளவு நடந்திருக்கு, என் காதுக்கு வரவே இல்ல. மறுநாளே என்கிட்ட வந்து கத்தியிருக்கலாமே? அன்னிக்கே வேலையைத் தூக்கி எறிஞ்சிருந்தாகூட எனக்குப் புரிஞ்சிருக்கும்.

— அதுக்காக நான் வேலையை விடல சார்.

— இதுக்காக இல்லையா? இதைவிட என்ன வேணும்?

— மறுநாளும் வேலைக்கு வந்தேன். அப்புறம் ரெண்டு மாசம் வந்தேன். குழியிலயும் இறங்கினேன். மேல ஒரு தடவை பார்த்துக்குவேன், இறங்கிடுவேன். பிழைப்பு, என்ன பண்றது? இது நாலு பேருக்கு நடக்கறதுதான்னு சமாதானம் பண்ணிக்கிட்டேன். எனக்கு நெஜமான பயம் வந்தது குழிக்குள்ள இல்ல. மேல நின்னப்ப.

— புரியல அண்ணே.

— வேற ஒரு பில்டிங். அன்னிக்கு நான் மோட்டார் ரூம்ல. நெட்டை கீழ குழியில. சர்வீஸ் மேனேஜர் போன் பண்றாரு. ஒரு பெரியவரு சக்கர நாற்காலியில இருக்காராம், மாடிக்குப் போகணுமாம், வீட்டுக்காரங்க சத்தம் போடறாங்களாம். ‘ஒரே ஒரு தடவை ஓட்டிட்டு நிறுத்திடுங்க’ன்னாரு. நான், ‘சரி சார்’னுட்டேன்.

— சரின்னுட்டீங்களா?

— வாய் சொல்லிடுச்சு சார். நெஞ்சு யோசிக்கவே இல்ல. போன்ல அந்தக் குரல் வந்தா சரின்னு சொல்லியே பழகின வாய். போனை வச்சிட்டுப் பார்த்தா கை ஸ்விட்சோட கைப்பிடியில இருக்கு. பாதி தூக்கியாச்சு. அப்போ கீழேர்ந்து நெட்டை ஏதோ பாட்டை முனகிட்டு இருக்கிற சத்தம் அந்த இருட்டு வழியா மெதுவா வந்துச்சு. அவனுக்குப் பாடவே வராது. அந்தப் பாட்டு மட்டும் வரலைன்னா...

— கடவுளே.

— யாரு கீழ படுத்துக் கிடந்து செத்துப் பிழைச்சு வந்தானோ, அவன் கையே அங்க போகுதுன்னா, அது என்ன வேலை? நானே கொலைகாரனா ஆகப் பார்த்தேனே. கைப்பிடியை இறக்கிட்டு, அவன் மேல வர்ற வரைக்கும் அந்த ஸ்விட்ச் முன்னால உட்கார்ந்திருந்தேன். மறுநாள்தான் எழுதிக் குடுத்தேன். உடம்பு முடியலைன்னு எழுதினது பொய்யில்ல சார். இந்தக் கை என் பேச்சைக் கேட்கல. இன்னிக்கும் லிஃப்ட்ல ஏறினா, காலுக்கு அடியில யாராவது இருப்பாங்களோன்னு தோணுது. அதான் படியில வர்றேன்.

— என்னங்க, இதையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டா ஜன்னல்ல உட்கார்ந்திருந்தீங்க?

— அண்ணே, இங்க பாருங்க. நாளைக்கே எல்லா சைட்லயும் அந்தச் சிவப்பு பட்டனை மாத்தறேன். வாக்கி டாக்கி வாங்கறேன். குழியில இறங்கினவரு மேல ஏறி வந்து தன் வாயால சொன்னாத்தான் கரண்ட். நான் சொன்னாலும் போடக் கூடாது, மேனேஜர் சொன்னாலும் போடக் கூடாது. நீங்க வாங்க, வராம இருங்க, இது நடக்கும்.

— நடந்தா நல்லது சார். நெட்டைக்கு ரெண்டு குழந்தைங்க.

— நெட்டை... அன்னிக்கு மேல நின்னது அவன்தானே? அப்போ கரண்டைப் போட்டதும் அவன்தான். அவனை முதல்ல அனுப்பணும். நாளைக்குக் காலையிலயே கணக்கை முடிச்சுடறேன்.

— சார், அவன் மேல கை வைக்காதீங்க. யார் மேலயும் பாய மாட்டேன்னு சொல்லித்தான் கேட்டீங்க.

— உயிர் விஷயம் அண்ணே. இதுல பாவம் பார்த்தா நாளைக்கு இன்னொருத்தர் போவார். அழுதுட்டா சரியாப் போச்சா?

— அவனாப் போடல. போன் வந்துச்சு, போடச் சொல்லி.

— போன் வந்தா போட்டுடறதா? உள்ள ஆள் இருக்குன்னு சொல்ல அவனுக்கு வாய் இல்லையா?

— சொன்னான் சார். ‘அண்ணன் கீழ இருக்காரு’ன்னு சொன்னான். அதுக்கு அந்தப் பக்கத்துல பேசினவரு, ‘நானும் கீழதான் நிக்கிறேன், நீ போடு’ன்னு சொல்லிட்டு வச்சிட்டாரு. வாசல்ல நான் அவரு பக்கத்துல நிக்கிறேன்னு நெனச்சுட்டான் நெட்டை. போட்டுட்டான்.

— யாரு அந்த ஆளு? அந்த ஆளைச் சொல்லுங்க முதல்ல. தம்பி, நீங்க விசாரிங்க. முகமெல்லாம் ஏன் இப்படி வேர்க்குது?

— எந்த பில்டிங் அண்ணே?

— விடுங்க சார்.

— எந்த பில்டிங்னு கேட்கறேன்.

— கண் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல, அந்த ஜவுளிக்கடைக்காரரு புதுசா வாங்கினாரே, ஆறு மாடி. அது.

— அன்னிக்கு நான்... அந்தக் கடைக்காரரைக் கூட்டிட்டு... போன் பண்ணினது நான்தான்... எனக்குத் தெரியாது அண்ணே, சத்தியமா எனக்குத் தெரியாது...

— தெரியும் சார், உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். காத்திருந்த ஜனங்களை முதல்ல ஏத்தி விட்டுட்டு, மூணாவது தடவை இறங்கி வந்தப்ப நீங்க ரெண்டு பேரும்தான் ஏறினீங்க. ‘கீழ ஏதோ தட்டற சத்தம் கேட்குதே’ன்னு அவரு கேட்டாரு. ‘அதையெல்லாம் கண்டுக்காதீங்க சார், போகப் போகச் சரியாயிடும்’னு நீங்க சொன்னீங்க.